எடைத் தராசுக்கும் அட்டிக்கும் நடுவில்: மக்காச்சோளம், நிலக்கடலை வியாபாரிகளுக்கும் குடோன் உரிமையாளர்களுக்கும் பூஞ்சை நச்சுத் தடுப்புப் பயிற்சி நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சை, வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து சேர்ப்பதல்ல. அது நம் மண்ணிலேயே இருக்கிறது. காய் முற்றும் பருவத்தில் வறட்சி வந்தால் செடியில் இருக்கும்போதே பருப்புக்குள் நுழைந்துவிடும். அந்தக் கட்டத்தில் வியாபாரி செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆனால் வயலிலிருந்து சிறிதளவாக வந்த பூஞ்சை, மண்டியிலும் குடோனிலும் ஈரமும் வெப்பமும் கிடைத்தால் சில நாட்களிலேயே பெருகி, மூட்டை மூட்டையாகச் சரக்கைக் கெடுத்துவிடுகிறது. மூட்டை எடைத் தராசிலிருந்து இறங்கி அட்டியில், அதாவது மூட்டை அடுக்கில், ஏறும் வரையிலான அந்தச் சில மணி நேரத்தில் எடுக்கப்படும் முடிவுகளே பெரும்பாலும் சரக்கின் கதியைத் தீர்மானிக்கின்றன. எனவே இந்தப் பயிற்சியும் அந்தச் சில மணி நேரத்தைச் சுற்றியே அமைய வேண்டும்.

வேளாண் அலுவலர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பணியாளர்கள், வியாபாரிகள் சங்கப் பொறுப்பாளர்கள் ஆகியோர் தங்கள் பகுதியில் நடத்திக்கொள்ளத்தக்க இரண்டு நாள் பயிற்சியை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், உடுமலைப்பேட்டை, விளாத்திகுளம் போன்ற மக்காச்சோளப் பகுதிகளுக்கும், திருவண்ணாமலை, விழுப்புரம், சேவூர் போன்ற கடலைப் பகுதிகளுக்கும் இது ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

முதற்படி: யாரை அழைப்பது, எப்போது அழைப்பது

மண்டி முதலாளிகளை மட்டும் அழைத்து நடத்தும் பயிற்சி பாதிப் பயிற்சிதான். எடை போடுபவர், கணக்குப்பிள்ளை, அட்டி கட்டும் தொழிலாளர்களின் மேஸ்திரி ஆகிய மூவரும் முதலாளியோடு வர வேண்டும். சரக்கு கெட ஆரம்பித்திருப்பதை முதலில் அறிபவர் மூட்டையைத் தோளில் சுமப்பவரே. ஒரு குடோனில் பயிற்சிக்காக அட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வயதான தொழிலாளி ஒருவர் நிமிர்ந்து, "முதலாளி, அடி மூட்டையெல்லாம் போன வாரமே கனமாத்தான் வந்துச்சு, சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல" என்றார். அந்த அடி மூட்டைகளில் கையை விட்டபோது தானியம் வெதுவெதுப்பாக இருந்தது. சாக்கின் உட்புறத்தில் பச்சை கலந்த மஞ்சள் தூள் படிந்திருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்தி அது.

காலத்தைப் பொறுத்தவரை, வரத்து தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு நடத்துவது நல்லது. தை, மாசியில் மக்காச்சோளம் வரும் ஊர்களில் மார்கழி நடுவில் நடத்தலாம். சரக்கு குவியத் தொடங்கிவிட்டால் எந்த வியாபாரியும் அரை நாள் கூட உட்கார மாட்டார். ஓர் அணியில் 20 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவரும் கையில் சரக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு, திரையில் பூஞ்சையின் படத்தைக் காட்டி நடத்தும் பயிற்சியால் சாப்பாட்டுச் செலவைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. பங்கேற்பாளர்களில் ஒருவருடைய குடோனிலேயே நடத்துங்கள்.

இரண்டாம் படி: ஏன் கவலைப்பட வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுதல்

இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறத்துப் பழங்குடிக் கிராமங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளத்தை உண்டு நோயுற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 397 பேரில் 106 பேர் இறந்தனர். 2004-இல் கென்யாவில் இதே மக்காச்சோளம், இதே நச்சு. 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் மாண்டனர். இவை உடனடி மரணங்கள். சிறிய அளவில் நெடுநாள் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கு இது காரணமாகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தி. சமைப்பதாலோ வறுப்பதாலோ இந்த நச்சு முழுமையாக அழிவதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள்; 'வறுத்தா போயிடும்' என்பது பல கடலை வியாபாரிகளின் நம்பிக்கை.

'நம் சரக்கு கோழிக்கும் மாட்டுக்கும்தானே போகிறது' என்று அடுத்து ஒருவர் கேட்பார். கோழியின் ஈரலையும் முட்டை உற்பத்தியையும் இது கெடுக்கிறது. பெரிய தீவன ஆலைகள் சரக்கைச் சோதித்துத்தான் இறக்குகின்றன. மாட்டைப் பொறுத்தவரை செய்தி இன்னும் நெருக்கமானது. பூசணம் பிடித்த தீவனத்தையும் புண்ணாக்கையும் தின்ற மாட்டின் பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் நச்சு வெளிவருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நடத்திய நாடு தழுவிய பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 368-இல் இது வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 551 மாதிரிகளில் 88 அவ்வாறு இருந்தன. எண்ணிக்கையில் மற்ற மாநிலங்கள் நமக்குப் பின்னால்தான் நின்றன. இந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும், அரங்கில் சலசலப்பு அடங்கிவிடும்.

மூன்றாம் படி: ஈரம்

முதல் நாளின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். சேமிப்புக்கு ஏற்ற ஈரப்பத அளவுகளைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: மக்காச்சோளம் 13 விழுக்காடு, நெல் 14, நிலக்கடலைக் காய் 8 முதல் 9, உடைத்த பருப்பு 7. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். அரசு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு ஈரம் வரை நெல் வாங்கப்படுவதால், 17 என்பதே பாதுகாப்பான அளவு என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது வாங்குவதற்கான வரம்பு. அட்டி போட்டு மாதக்கணக்கில் வைப்பதற்கான வரம்பன்று.

ஈரமானி வைத்திருப்பவர்களிடம் அதை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த சோளத்தை ஐந்து கருவிகளில் போட்டால் ஐந்து வெவ்வேறு எண்கள் வரும். மின்கலம் தீர்ந்துபோனது ஒன்று, நெல்லுக்கான அமைப்பிலேயே சோளத்தை அளந்துகொண்டிருப்பது ஒன்று, கிண்ணத்தில் பழைய தூசி அடைந்திருப்பது ஒன்று என்று காரணங்கள் அங்கேயே வெளிப்படும். களத்துச் சூட்டோடு வந்த தானியத்தை உடனே அளந்தாலும் எண் தவறும். நிழலில் பரப்பி ஆறவிட்டே அளக்க வேண்டும்.

கருவி இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனையைச் செய்துகாட்டுங்கள். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தை இட்டு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்புத் தூளைச் சேர்த்து, இறுக மூடி ஒரு நிமிடம் குலுக்கிவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் என்று கொள்ளலாம். நம் ஊர்க் கல்லுப்பு எப்போதும் ஈரங்கசிந்தே இருக்கும் என்பதால், முதலில் அதை வாணலியில் நன்றாக வறுத்து, ஆறியபின் பொடித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் காய்ந்த சோளமும் ஈரமானதாகக் காட்டும். இந்தச் சோதனை 13-க்கும் 15-க்கும் இடைப்பட்ட ஈரத்தைக் காட்டிக்கொடுக்காது. எனவே உப்பு ஒட்டினால் சரக்கு வேண்டாம் என்று சொல்லலாமே தவிர, ஒட்டவில்லை என்பதற்காகச் சரக்கு நன்று என்று சொல்லிவிட முடியாது. கடலைக் காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும் என்பது பழைய சோதனை. அதுவும் இதைப் போலவே முதற்கட்டச் சல்லடை மட்டுமே.

இனிக் கணக்கு. வியாபாரிகள் ஈரச் சரக்கை வாங்குவதற்கும், உழவர்கள் காயாமல் கொண்டுவருவதற்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீருக்கும் தானிய விலையே கிடைக்கிறது. 18 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ மக்காச்சோளத்தில் காய்ந்த பொருள் 82 கிலோ. அதை 13 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் எடை 82-ஐ 0.87-ஆல் வகுத்தால் வரும் 94.25 கிலோ. ஆக, 5.75 கிலோ தண்ணீராகப் போகிறது. குவிண்டால் 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 126 ரூபாய். இதைப் பலகையில் போட்டுக் காட்டியபின், ஒவ்வொரு பங்கேற்பாளரையும் 14, 15, 16 விழுக்காடுகளுக்குத் தாமே கணக்கிடச் சொல்லுங்கள். 13-க்கு மேல் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 1.15 கிலோ கழிவு என்ற விடை அவர்கள் கையாலேயே வரும்.

இந்தக் கழிவுப் பட்டியலை அச்சிட்டு எடைத் தராசுக்கு மேலே, உழவர் கண்ணில் படும்படி மாட்டச் சொல்லுங்கள். 'ஈரமா இருக்கு, விலை குறைச்சுக்கோங்க ஐயா' என்று மனம்போன போக்கில் குறைத்தால் உழவர் சண்டைக்கு வருவார், அல்லது அடுத்த மண்டிக்குப் போவார். அளந்து, பட்டியலைக் காட்டி, அதன்படி மட்டும் கழித்தால் அடுத்த முறை ஒரு நாள் கூடுதலாகக் காயவைத்துக் கொண்டுவருவார். என் கருத்தில், பூஞ்சையைப் பற்றிய பத்து விரிவுரைகளைவிட இந்த ஒரு தாள் அதிகம் சாதிக்கும். ஒரே சந்தையில் உள்ள வியாபாரிகள் அனைவரும் ஒரே பட்டியலைப் பின்பற்றினால்தான் இது நிலைக்கும் என்பதால், பயிற்சி நடக்கும் அன்றே சங்கத்தில் பேசி முடிவெடுக்க வைப்பது நல்லது.

கடலையில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் இருக்கிறது. காய்ந்த காயை எந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு உடையாமல் இருப்பதற்காக, முன்னதாகவே தண்ணீர் தெளித்து ஊறவைக்கிறார்கள். கூடவே எடையும் ஏறுகிறது. பாடுபட்டு 8 விழுக்காட்டுக்குக் காயவைத்த சரக்கை இவ்வாறு நனைத்து, பருப்பைச் சாக்கில் கட்டி, லாரியில் ஏற்றிவிட்டால், பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. சல்லடையின் கண் அளவையும் எந்திரத்தின் வேகத்தையும் சரிசெய்து, காயைத் தரம் பிரித்து உடைத்தால் உடைசல் குறையும். அவற்றை எல்லாம் செய்தும் நனைத்தே தீர வேண்டும் என்பவர்கள், உடைத்த பருப்பை மீண்டும் 7 விழுக்காட்டுக்குக் காயவைக்காமல் சாக்குக்குள் விடக்கூடாது.

நான்காம் படி: மாதிரி எடுத்தல்

ஒரு மூட்டையின் வாயைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டுச் சரக்கு நன்று என்று சொல்லும் வழக்கம் ஏன் ஆபத்தானது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். கெட்டுப்போன தனியொரு கடலைப் பருப்பில், கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவு வரை அஃப்ளாடாக்சின் பதிவாகியிருக்கிறது. அத்தகைய அரை கிராம் பருப்பு ஒன்றில் 500 மைக்ரோகிராம் நச்சு இருக்கும். நம் நாட்டில் தானியங்களுக்கும், மேற்கொண்டு பக்குவப்படுத்தவுள்ள கடலைக்கும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்பதே வரம்பு. ஆக, ஒரே ஒரு பருப்பு 33 கிலோ சரக்கை வரம்பு வரை கொண்டுபோய்விடும். அந்தப் பருப்பு உங்கள் கைப்பிடியில் அகப்பட வாய்ப்பு எவ்வளவு?

ஆகவே பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று குத்தூசியால் (சாக்கைக் குத்தி மாதிரி எடுக்கும் கூரான குழலால்) எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து மீண்டும் கலந்து, படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்புவதை முழுவதும் அரைத்த பின்பே அதிலிருந்து சோதனைக்கு எடுக்க வேண்டும். மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்துவிடாதீர்கள். வழியிலேயே பூஞ்சை வளர்ந்துவிடும்.

இங்கே செய்துகாட்டத்தக்க ஒன்று உண்டு. குடோனின் இருண்ட மூலையில், உடைந்த சோளத்தைத் தட்டில் பரப்பி 365 நானோமீட்டர் புறஊதா விளக்கைக் காட்டினால், பூஞ்சை தாக்கிய சில மணிகள் பளிச்சென்ற பச்சை மஞ்சள் நிறத்தில் ஒளிரும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் ஒளிர்வது நச்சல்ல, பூஞ்சை உண்டாக்கும் வேறொரு பொருள். ஒளிராத சரக்கிலும் நச்சு இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு சரக்கு தேறியது என்று சொல்லக்கூடாது என்பதை விளக்கை அணைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பிரித்தல், பிரித்ததைக் கலக்காதிருத்தல்

சுருங்கியவை, நிறம் மாறியவை, பூச்சி துளைத்தவை, உடைந்தவை ஆகியவற்றில்தான் நச்சின் பெரும்பகுதி குவிந்திருக்கும். கடலையில் கையால் பொறுக்கினாலே அளவு வெகுவாகக் குறையும். மக்காச்சோளத்தில் சல்லடையும் காற்றுத் தூற்றலும் நொய்யையும் தூசியையும் நீக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒதுக்கிய சரக்கைக் குப்பையில் கொட்ட எந்த வியாபாரிக்கும் மனம் வராது. ஒன்று, நல்ல சரக்கோடு கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து தள்ளிவிடுவார். அல்லது செக்குக்குப் போட்டுவிடுவார். முதலாவது வழி சரக்கைச் சரிசெய்வதில்லை, நல்லதையும் கெடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் இதை வெளிப்படையாகவே தடைசெய்கின்றன. இரண்டாவது வழியில் நச்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கி, மாட்டுத் தொட்டிக்குப் போய், மேலே சொன்ன 88 மாதிரிகளைப் போன்ற பாலாகத் திரும்பி வருகிறது. சுத்திகரிக்காத செக்கு எண்ணெயிலும் அது ஓரளவு இறங்கிவிடுகிறது. ஒதுக்கிய சரக்குக்கு வேறு நிறச் சாக்கு, தனி இடம், தனிக் கணக்கு என்று மூன்றையும் வைத்து, உணவாகவோ தீவனமாகவோ திரும்பாத வழியில், எரிபொருளாகவோ எருக்குழிக்கோ அனுப்பும் ஏற்பாட்டைப் பயிற்சியிலேயே பேசி முடியுங்கள். இதில் நட்டம் உண்டு. இல்லை என்று சொல்லிப் பயிற்சி நடத்தினால் அவர்கள் உங்களை நம்ப மாட்டார்கள்.

ஆறாம் படி: குடோனும் அட்டியும்

இரண்டாம் நாள் காலையில் கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பகலில் கதவுகளைச் சாத்திவிட்டு உள்ளே நின்றால், கூரையின் ஒவ்வோர் ஓட்டையும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். மழைக்காலத்துக்கு முன் கூரையைச் சோதிக்க இதைவிட எளிய வழியில்லை. தரையில் ஒரு பாலிதீன் விரிப்பை இரவு முழுவதும் விரித்துவைத்து, காலையில் அடிப்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பார்த்தால் தரைக் கசிவு தெரிந்துவிடும்.

மூட்டைகளை ஒருபோதும் வெறுந்தரையில் அடுக்கக்கூடாது; மரச்சட்டங்களின் மேல், அல்லது மூங்கில் பாய்களுக்கு நடுவே பாலிதீன் விரித்து அதன் மேல் அடுக்க வேண்டும். சுவருக்கும் அட்டிக்கும் இடையில் ஓர் ஆள் தாராளமாக நடந்துபோகும் வழி வேண்டும். தகரக் கூரையுள்ள குடோன்களில் மேல் மூட்டைகளைத் தனியாகக் கவனியுங்கள். பகலில் சூடேறி இரவில் சட்டென்று குளிரும் மார்கழி, தை மாதங்களில், தகரத்தின் உட்புறத்தில் திரளும் நீர் நேராக மேலடுக்கில்தான் சொட்டும். படுதாவால் இறுக மூடிவைத்த அட்டியிலும் இதே கதை. வெயிலும் காற்றும் உள்ள பகலில் திறந்துவிட்டு, பனி இறங்குவதற்கு முன் மூட வேண்டும். மழை நாளில் காற்றோட்டம் என்று சொல்லிச் சன்னலைத் திறந்துவைப்பது ஈரத்தை வரவேற்பதாகும்.

காற்றுப்புகாத பைகளைப் பற்றி இப்போது நிறைய விளம்பரம் வருகிறது. காய்ந்த தானியத்துக்கு அவை மிகவும் நல்லவை. உள்ளே உயிர்வளி தீர்ந்து வண்டுகள் மடிந்துவிடும். காயாத தானியத்தை அவற்றில் கட்டினால் நொதித்து நாறிப்போகும்.

ஏழாம் படி: பூச்சி, எலி, மருந்து

வண்டும் அந்துப்பூச்சியும் தானியத்தைத் தின்பதோடு நிற்பதில்லை. அவை விடும் மூச்சின் வெப்பமும் ஈரமும் மூட்டைக்குள்ளேயே பூஞ்சைக்கு இடம் அமைத்துக்கொடுக்கின்றன. எனவே வரத்துக்கு முன் பழைய சாக்குகளை உதறிக் காயவைப்பது, தரை வெடிப்புகளை அடைப்பது, போன ஆண்டுச் சிந்தலைப் பெருக்கி வெளியேற்றுவது ஆகியவை பூச்சித் தடுப்பு மட்டுமல்ல, பூஞ்சைத் தடுப்பும் ஆகும்.

பூச்சிகளைப் புகையூட்டிக் கொல்லப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கையாளும் முறையை இந்தப் பயிற்சியில் கற்றுக்கொடுக்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு உயிரைக் குடிக்கும். வாடை வந்தால்தான் ஆபத்து என்று நம்பி இருக்க முடியாது. தண்ணீர் பட்டால் தீப்பற்றவும் கூடும். உரிமம் பெற்ற புகையூட்டுநரை எப்போது அழைக்க வேண்டும், அவர் அட்டியைப் போர்த்தும் உறையை மணல் நிரப்பிய நீண்ட பைகளால் சுற்றிலும் அழுத்தி மூடுகிறாரா, எச்சரிக்கைப் பலகை வைக்கிறாரா, திறக்கும் முன் வாயுவை அளக்கிறாரா என்று உரிமையாளர் சரிபார்க்கத் தெரிந்துகொண்டால் போதும். வீடும் குடோனும் ஒட்டியிருக்கும் இடத்தில் புகையூட்டவே கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புகையூட்டினால் பூச்சி சாகும், ஏற்கெனவே உண்டான நச்சு அப்படியே இருக்கும்.

1958-இல் கேரளத்தில், கப்பலில் பாரத்தியான் பூச்சிக்கொல்லியோடு சேர்த்து ஏற்றிவந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்ததற்கு அந்தத் துயரமே முக்கியக் காரணம். இன்றும் உரக்கடையும் தானிய மண்டியும் ஒரே கூரைக்கடியில் நடக்கும் ஊர்கள் உண்டு. உரமும் மருந்தும் ஏற்றிய லாரியைக் கழுவிக் காயவைக்காமல் தானியம் ஏற்றக்கூடாது, மருந்து பூசிய விதையின் மிச்சம் எந்தக் காரணத்தாலும் மண்டிக்குள் வரக்கூடாது என்ற இரண்டையும் ஓட்டுநர்களுக்கும் சொல்லுங்கள்.

எட்டாம் படி: நோட்டு

பெரிய ஏடு வேண்டாம். ஒவ்வோர் அட்டிக்கும் ஓர் எண், வந்த நாள், எந்த ஊர்ச் சரக்கு, உள்ளே வரும்போது ஈரம், வாரந்தோறும் ஈரமும் சூடும், வெளியே போன நாள், யாருக்குப் போனது என்று ஒரு பக்கம் போதும். முன்னே வந்தது முன்னே போக வேண்டும் என்ற விதி இந்த நோட்டு இருந்தால்தான் நடைமுறையாகும். தீவன ஆலை ஒரு லாரியைத் திருப்பி அனுப்பும்போது, அதே அட்டியின் மிச்ச மூட்டைகள் எங்கே என்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடிந்தவர் நட்டத்தை ஒரு லாரியோடு நிறுத்திக்கொள்வார்.

கூடுதலாகக் கற்க விரும்புகிறவர்களைத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமுக்கோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பலாம். குடோனைக் கிடங்கு மேம்பாட்டு ஒழுங்காற்று ஆணையத்தில் பதிவுசெய்தால் மாற்றத்தக்க கிடங்கு ரசீது வழங்கலாம், அதன்மேல் வங்கிக் கடனும் பெறலாம் என்பது உரிமையாளர்களின் காதில் விழ வேண்டிய செய்தி.

ஒன்பதாம் படி: திரும்பிப் போதல்

பயிற்சி முடிந்து ஆறு வாரம் கழித்து, சொல்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள். கழிவுப் பட்டியல் தராசுக்கு மேலே தொங்குகிறதா, அல்லது மேசை இழுப்பறையில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நோட்டைக் கேளுங்கள்; எல்லா வாரமும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே எண்ணாக இருந்தால் அது வாரந்தோறும் அளந்து எழுதியதல்ல, ஒரே மூச்சில் எழுதி நிரப்பியது. கடைசியாக, முதலாளியிடம் பேசுவதற்கு முன், அட்டி கட்டும் மேஸ்திரியைத் தனியே அழைத்து, அடி மூட்டை எப்படி வருகிறது என்று கேளுங்கள்.